உருகாத மீன் கண்கள்

மார்ச் 6

வாலு,

நாலு நாளாக நீ போன் செய்கிறாய், நான் எடுக்கவில்லை. "அவ வெளிய போயிருக்கா" என்று சொல்லச் சொல்லி உன் அண்ணனிடம் நான்தான் சொன்னேன். எங்கேயும் போகவில்லை. பக்கத்து அறையில் கட்டில் ஓரமாக உட்கார்ந்து, நீ பேசுவது கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். உன் குரலைக் கேட்டுக்கொண்டே இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

உன் ஆறு போய்விட்டது.

ஆஸ்பத்திரிக் குழந்தைகள் வார்டுச் சுவரில் பதிக்க, மண் வில்லை வில்லையாக அந்த ஆற்றைச் செய்து எத்தனை மாதம் குனிந்து கிடந்தாய். சூளையில் முதல் சூட்டையும் நீயே முடித்து, ஒவ்வொரு வில்லையிலும் பூச்சுப் பூசி, பழைய போர்வையில் சுற்றி, "இரண்டாம் சூடு மட்டும் போட்டுடுங்க அண்ணி, உங்க கைதான் எனக்கு நம்பிக்கை" என்று சொல்லிவிட்டு வெளியூர்க் கலைப் பட்டறைக்குக் கிளம்பிக் காரில் ஏறினாய். அந்தக் கை செய்த வேலையைத்தான் இப்போது சொல்கிறேன்.

சூளையை ஆற விட்டு மறுநாள் திறந்தேன். முதலில் என்ன பார்க்கிறேன் என்றே புரியவில்லை. மேல்தட்டில் மீன்களே இல்லை. வெள்ளையாக ஏதோ கொதித்து, உருகி, தட்டின் ஓரத்தைத் தாண்டி வழிந்து, கீழ்த்தட்டில் இருந்த அலைகள் மேலும் கரைகள் மேலும் கொட்டி அப்படியே இறுகியிருந்தது. அந்தக் குழம்புக்குள்ளே நீ கறுப்பு மண்ணில் செய்து பதித்த கண்கள் மட்டும் உருண்டை உருண்டையாக, சேதமே இல்லாமல் கிடந்தன. அத்தனையும் என்னையே பார்த்தன. சூளை மூடியைத் திரும்ப மூடிவிட்டு வாசல்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சூளையை நம் வழக்கமான சூட்டில்தான் வைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பீங்கானுக்கு வைத்திருக்கிற பெரிய சூட்டுப் பட்டனை அழுத்தியிருக்கிறேன் போல. அழுத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டியவள், மத்தியான வெக்கையில் நாற்காலியிலேயே தூங்கிப்போனேன். கண் விழித்தபோது சூளை அணைந்து, தட்டச்சு மிஷின் மாதிரி டக் டக் என்று ஆறிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் டைல்ஸ் ஆலையில் சூட்டுப் பிரிவில் அத்தனை வருஷம் வேலை பார்த்தவள் நான். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

வெளியேயும் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரி மேலாளர் அம்மாவை நேரில் பார்த்து, தப்பு என்னுடையது, உன் வேலையில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னேன். அந்த அம்மா ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நீ திட்டி எழுது. முழுசாகத் திட்டி எழுது.

அண்ணி


மார்ச் 19

அண்ணி,

நீங்கள் கேட்டபடி திட்டலாம் என்று பேனாவை எடுத்தேன், ஒன்றும் வரவில்லை. இந்த வீட்டுக்கு நீங்கள் வந்த நாளிலிருந்து என்னைத் திட்டுகிற வேலை உங்களுடையது. இப்போது திடீரென்று மாற்றினால் எனக்குப் பழக்கமில்லை.

போனது போகட்டும் அண்ணி. மண்தானே. இன்னொரு ஆறு செய்துகொள்ளலாம். மேலாளர் அம்மாவிடம் நானும் பேசினேன். "வீட்ல இப்படி ஒரு விபத்து நடந்தா நீங்க என்ன செய்வீங்க, பாவம்" என்று சொல்லி, வருஷக் கடைசி வரை நேரம் கொடுத்துவிட்டார். ஆக ஒன்றும் குடி முழுகிப் போய்விடவில்லை. அந்தப் பட்டன்களும் பழசு, எழுத்தெல்லாம் தேய்ந்து கிடக்கிறது, யாராக இருந்தாலும் மாற்றி அழுத்தத்தான் செய்வார்கள்.

இங்கே பட்டறை நன்றாக இருக்கிறது. என் அறை ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள் தெரிகின்றன, அவ்வளவுதான் காட்சி. எங்கள் தளத்தில் கண்ணாடித் துண்டுகளை ஒட்டிப் படம் செய்கிற ஒரு மொசைக்காரர் இருக்கிறார். நாள் முழுக்கக் கண்ணாடியை நறுக்குவார், வாயும் ஓயாது. அவரால் நாங்கள் யாரும் செருப்பில்லாமல் நடப்பதில்லை. குளியலறைக்குக்கூடச் செருப்புதான். நெசவு செய்கிற ஒரு அக்கா இருக்கிறார், அவர் பேசவே மாட்டார். இரண்டு பேரையும் கூட்டிக் கழித்தால் சரியாக இருக்கும்.

நீங்கள் அந்தத் தட்டைச் சுரண்டிக்கொண்டு உட்கார வேண்டாம். கை கிழிந்துவிடும். எல்லாவற்றையும் மூட்டை கட்டி வெளியே போட்டுவிடுங்கள். அப்படியே மேசைக்கு அடியில், மூலையில், வாய் திறந்த ஒரு மண் பை இருக்கிறது இல்லையா, அதையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். காய்ந்து கட்டியாகியிருக்கும், எதற்கும் ஆகாது.

வேறு ஏதோ எழுத வேண்டும் என்று நினைத்தேன், மறந்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். போனை எடுங்கள்.

வாலு


ஏப்ரல் 2

வாலு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். திட்டாமல் விட்டாயே, அதற்காகத்தான். இவ்வளவு பெரிய மனசு உனக்கு எங்கிருந்து வந்தது? உன் அண்ணனிடம் அதில் பாதியாவது இருந்திருக்கலாம்.

அவர் சொன்னதையும் கேள். போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். நான் டீ கொண்டுபோய் வைக்கிறேன். "எங்க வீட்டு மேடம் ஒரு ஆத்தையே காய்ச்சிட்டாங்க, தெரியுமா? அதுவும் தூங்கிக்கிட்டே" என்கிறார். அவர்கள் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். டீ தம்ளரை வைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்து, அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு தடவை பார்த்தேன். கோபமே வரவில்லை. அவர் சொன்னதில் பொய் என்ன இருக்கிறது?

மேலாளர் அம்மா ஒரு கையெழுத்துக்காகக் கூப்பிட்டிருந்தார், ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டுச் சுவரில் நீ பென்சிலால் வரைந்த கோடுகள் அப்படியே இருக்கின்றன, எந்த வில்லை எங்கே என்று எண் போட்டு. கையில் கட்டுப் போட்ட ஒரு வாண்டு அதன் முன்னால் நின்று எண்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தது. நர்ஸ் என்னைப் பார்த்து, "மீன் எப்பங்க வரும்? தினம் கேக்குதுங்க" என்றார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. நான் ஏதோ மிஷின் ரிப்பேருக்கு வந்தவள் மாதிரி தலையை ஆட்டிவிட்டு வேறு வழியாக வெளியே வந்தேன்.

இன்னொன்று. கலைக் கல்லூரியில் சூளைப் பொறுப்பாளர் வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள் இல்லையா, வேண்டாம் என்று எழுதிவிட்டேன். உனக்குத் தெரியும், எத்தனை வருஷம் கழித்து எனக்கென்று ஒரு வேலை வந்தது. ஆனால் அத்தனை பிள்ளைகளின் வேலையையும் கையில் வாங்கி அடுக்குகிற இடம் அது. சொந்த நாத்தனார் வேலையையே காப்பாற்றத் தெரியாதவள் என்ன தைரியத்தில் அங்கே நிற்பது? முதல்வர், "அவசரப்படாதீங்க, ஜூன் முதல் வாரம் வரைக்கும் இடத்தை வச்சிருக்கேன்" என்றார். எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. சூளைக்கு மேல் ஒரு படுதாவைப் போட்டு மூடிவிட்டேன்.

நீ சொன்ன பையைப் பார்த்தேன். காய்ந்து போகவில்லை, நல்ல ஈரமாகத்தான் இருக்கிறது. நல்ல மண்ணைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. இருக்கட்டும்.

அண்ணி


ஏப்ரல் 14

அண்ணி,

கல்லூரிக்கு ஏன் அப்படி எழுதினீர்கள்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? முதல்வர் இடத்தை வைத்திருப்பதாகத்தானே சொல்கிறார், உடனே போய் வருகிறேன் என்று சொல்லுங்கள். ஒரு தடவை தூங்கிப்போனதற்கு ஆயுள் தண்டனையா? மனுஷர்கள் தூங்கத்தான் செய்வார்கள். அண்ணனை விடுங்கள். அவர் கல்யாணத்தில் மாலை மாற்றும்போதே தூங்கிக்கொண்டிருந்தவர்.

நான் பெரிய மனசெல்லாம் இல்லை அண்ணி. தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு என்னவோ போல இருக்கிறது.

இங்கே வேலை ஓடவில்லை. மண்ணைத் தொட்டாலே சலிப்பாக இருக்கிறது. பட்டறைக்காரர்கள் ஒரு மலர் போடுகிறார்கள், அதில் என் ஆற்றின் படமும் வரும், "வீட்டில் நேர்ந்த விபத்தில் அழிந்தது" என்று கீழே ஒரு வரியோடு. எல்லோரும் என்னிடம் ரொம்ப அன்பாக இருக்கிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

அந்தப் பையைத் தூக்கிப் போடச் சொன்னேனே. ஈரமாக இருந்தாலும் பழைய மண், நாற்றம் வரும், பூச்சி வரும். போட்டுவிடுங்கள். புதுசு நான் வாங்கித் தருகிறேன்.

வாலு


ஏப்ரல் 27

வாலு,

சுருக்கமாக எழுதுகிறேன்.

அன்றைக்குப் பதற்றத்தில் சூளையில் இருந்த உடைசல் எல்லாவற்றையும் வாரி ஒரு சாக்கில் போட்டு வைத்திருந்தேன். நேற்று அதைக் கொட்டிப் பார்த்தேன். சூட்டைப் பார்க்க ஒவ்வொரு தட்டிலும் நாம் நிறுத்தி வைக்கிற சின்னக் கூம்பு உள்ளே கிடந்தது. சூடு ஏறியிருந்தால் அது குப்புறப் படுத்து உருகியிருக்க வேண்டும். அது நாம் வழக்கமாக வைக்கிற சூட்டுக்கு எவ்வளவு வளையுமோ அவ்வளவுதான் வளைந்திருக்கிறது. அடித்தட்டில் ஓரமாக வைத்திருந்த என் கப்புகளும் நன்றாகவே வெந்திருக்கின்றன. பட்டனை நான் சரியாகத்தான் அழுத்தியிருக்கிறேன். நான் தூங்கினாலும் சூளை தூங்கவில்லை.

பிறகு அந்தக் கண்கள். மீன் கூழாகப் போகிற சூட்டில் கண்ணுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஒரே சூடு, ஒரே தட்டு.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மீன்களை எந்தப் பை மண்ணில் செய்தாய்? உன் வேலைக்கு வாங்குகிற நீலப் பையா, சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளுக்கு வாங்குகிற வெள்ளைப் பையா? பிள்ளைகள் மண் முதல் சூட்டோடு நிறுத்த வேண்டியது, நம் இரண்டாம் சூட்டில் தண்ணீராகிவிடும் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். இரண்டையும் கலக்காதே என்று நம் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிற தாள் உன் கையெழுத்துதான்.

அவசரமில்லை. நிதானமாக யோசித்துப் பதில் எழுது.

அண்ணி


மே 8

அண்ணி,

நீலப் பைதான். எல்லாமே நீலப் பைதான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, மீன் செய்த அன்றைக்குக் கடையிலிருந்து புதுசாக இரண்டு பை வந்தது, அதில் ஒன்றைத்தான் உடைத்தேன். கடைக்காரர் சில சமயம் சரக்கை மாற்றி அனுப்பிவிடுகிறார், அந்தப் பையிலேயே ஏதாவது கோளாறு இருந்திருக்கலாம். கூம்புகளையும் ரொம்ப நம்ப முடியாது அண்ணி, ஈரம் பட்டால் அவை சரியாக வளையாது என்று இங்கே சொல்கிறார்கள். கண்ணுக்குப் போட்டது இரும்பு கலந்த மண், அது எதையும் தாங்கும்.

இதையெல்லாம் தோண்டித் துருவி என்ன ஆகப்போகிறது? உங்கள் மேல் எனக்குத் துளி வருத்தமில்லை என்று எத்தனை தடவை சொல்வது?

உங்களுக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கியிருக்கிறேன், அந்த நெசவு அக்கா நெய்தது. வரும்போது கொண்டு வருகிறேன்.

வாலு


மே 11

அண்ணி,

மூன்று நாளுக்கு முன்னால் நான் அனுப்பியது பொய். அதில் உண்மை ஒன்றே ஒன்று, சால்வை வாங்கியிருக்கிறேன். அதையும் ஏன் வாங்கினேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

வெள்ளைப் பைதான் அண்ணி. கிளம்புவதற்கு முந்தின வாரம் நீலப் பை தீர்ந்துபோனது. மண் கடை பூட்டிக் கிடந்தது. மீன்கள் மட்டும் பாக்கி. இரண்டு மண்ணும் வெள்ளை, கையில் பிசைந்தாலும் ஒரே மாதிரி, முதல் சூட்டில் ஒரு வித்தியாசமும் தெரியாது. மீன்களை மட்டும் பிள்ளைகள் வேலைக்கு வைக்கிற குறைந்த சூட்டில் தனியாகச் சுட்டுக்கொள்ளலாம், அண்ணியிடம் சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்தேன். சொல்ல நினைத்தது நிஜம். பெட்டி கட்டுவதிலும் டிக்கெட்டைத் தேடுவதிலும் மறந்தேபோனேன். வாசலில் நின்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வசனமெல்லாம் பேசினேனே, அப்போதுகூட நினைவு வரவில்லை.

மறந்தது தப்பு. ஆனால் உங்களிடம் சொல்ல வேண்டியது அது இல்லை. உங்கள் முதல் கடிதத்தில் மேல்தட்டு என்ற வரியைப் படித்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் தூங்கினதை எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது அண்ணி. உங்களை நினைத்துப் பாவம் என்றுகூடத் தோன்றவில்லை, அப்பாடா என்றுதான் இருந்தது. அதற்கு அப்புறம்தான் போனது போகட்டும் என்று எழுதினேன். பையை எதற்காகத் தூக்கிப் போடச் சொன்னேன் என்று நான் எழுத வேண்டியதே இல்லை.

தப்பு செய்தது நான் என்று தெரிந்திருந்தால் மேலாளர் அம்மா பாவம் பார்த்திருப்பாரா? மண்ணைக்கூடப் பார்த்து எடுக்கத் தெரியாதவளுக்கு ஒரு சுவரா என்றுதான் கேட்டிருப்பார். அந்தப் பயம்தான். அதற்கு மேல் நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

இப்போது எதற்காக எழுதுகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். நேற்றுச் சாப்பாட்டு மேசையில் என் ஆற்றைப் பற்றிப் பேச்சு வந்தது. நான்தான் கதையை எடுத்துவிட்டேன். அண்ணி பட்டனை மாற்றி அழுத்தினார், தூங்கிப்போனார், ஆறு நிஜமாகவே ஓடிவிட்டது என்று. ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன், எல்லோரும் ரசித்தார்கள். மொசைக்காரர் எழுந்து உங்களைப் போல நடித்துக் காட்டினார். உங்களை அவர் கண்ணால் பார்த்ததில்லை. நாற்காலியில் சரிந்து, வாயைப் பிளந்து, குறட்டை விட்டு, திடுக்கிட்டு எழுந்து முந்தானையால் கண்ணைத் துடைக்கிற மாதிரி. மேசையே குலுங்கியது. எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். என் சிரிப்பு எனக்கே கேட்டது. அண்ணன் உங்களைக் கேலி செய்ததைப் படித்துவிட்டு, மனுஷனா இவர் என்று நினைத்தவள் நான்.

சாப்பிட முடியவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியாது.

மன்னிப்புக் கேட்கக்கூட வாய் கூசுகிறது.

வாலு


மே 24

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. தபால்காரர் ஒன்றாகத்தான் கொடுத்தார். மேலே இருந்ததை முதலில் பிரித்தேன். அது நீலப் பைக் கடிதம்.

நான் உன்னைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியும். அந்தத் திறந்த பையிலிருந்து நகத்தளவு கிள்ளி, ஒரு பழைய சாஸரில் வைத்து, சோதனைக்கு வைத்திருக்கிற சின்னச் சூளையில் அதே சூட்டில் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் கேட்டேன். நான் அந்தக் கடிதத்தை எழுதும்போது அந்தச் சாஸர் ஜன்னலில் இருந்தது, நடுவில் பால் சிந்தின மாதிரி ஒரு வட்டத்தோடு. நீயாகச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். நிதானமாக எழுது என்று அதற்காகத்தான் எழுதினேன். நீ நிதானமாகத்தான் எழுதியிருக்கிறாய். கடைக்காரர், கூம்பு, ஈரம், ஒன்று விடவில்லை.

இரண்டாவது கடிதத்தைப் பிரிக்க வேண்டாம் என்று அடுப்படி மேடையில் வைத்துவிட்டேன். சாயங்காலம்தான் பிரித்தேன். பிரித்ததில் கொஞ்சம் மூச்சு வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீ அதில் எழுதியிருக்கிற அந்தச் சாப்பாட்டு மேசையை எனக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம். உன் பாரம் இறங்க வேண்டும் என்று அதையும் என் தலையில் ஏற்றிவிட்டாய். நான் குறட்டை விடுவேனா என்று நேற்று ராத்திரி உன் அண்ணனைக் கேட்டேன். எதுக்கு என்றார். சும்மா என்றேன்.

என் கோபம் எதன் மேல் என்று தெரிந்துகொள். மீன் போனதற்கு இல்லை. மண் மாறுவது எல்லாப் பட்டறையிலும் நடக்கிறதுதான். மார்ச்சிலிருந்து நான் என் கையையே நம்பவில்லை. அடுப்பை அணைத்தேனா என்று எழுந்து எழுந்து பார்த்தேன். கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி வந்தேன். பக்கத்து வீட்டுக்காரி குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொன்னாள், முடியாது என்றேன், எனக்குப் பயம். அவள் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசவில்லை. இதெல்லாம் நடக்கும்போது நீ அங்கே உட்கார்ந்துகொண்டு எனக்கு ஆறுதல் எழுதிக்கொண்டிருந்தாய். நான் உன்னைப் பெரிய மனசுக்காரி என்று எழுதினேன். அந்த வரியை நினைத்தால்தான் எனக்கு இப்போது உடம்பெல்லாம் கூசுகிறது. ஏமாற்றினவளுக்கு மட்டும்தான் வெட்கம் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரிக்கு நான் இன்னும் திரும்ப எழுதவில்லை. தப்பு என்னுடையது இல்லை என்று சொல்லப் போனால், அப்போ யாருடையது என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு நான் வாயைத் திறக்க மாட்டேன். நீ திறந்தால்தான் உண்டு. ஜூன் முதல் வாரத்தோடு அந்த இடம் போய்விடும். இதையும் நான் சொல்லி நீ செய்தால் அதற்கு அர்த்தமில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன், பார்.

உன் அண்ணனிடமும் சொல்லவில்லை. அவர் இன்னும் என்னை ஆற்றங்கரை மேடம் என்றுதான் கூப்பிடுகிறார்.

சால்வை எனக்கு வேண்டாம்.


ஜூன் 5

அண்ணி,

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே கல்லூரி முதல்வருக்குப் போன் செய்தேன். மூன்று தடவை மணி அடித்து யாரும் எடுக்காதபோது, அப்பாடா, நாளைக்குப் பார்க்கலாம் என்று தோன்றியது. மறுபடியும் அந்த அப்பாடா. திரும்ப அடித்தேன், எடுத்தார். சொன்னேன். "இதை அவங்ககிட்ட எப்பம்மா சொன்னீங்க?" என்று கேட்டார். போன மாதம் என்றேன். "அவங்க வேலை வேண்டாம்னு எழுதினது மார்ச் கடைசில" என்றார். ஆமாம் என்றேன். நல்லது என்று வைத்துவிட்டார். அந்த நல்லதில் எனக்கு ஒன்றும் நல்லதில்லை, உங்களுக்கு இருந்தால் போதும்.

மேலாளர் அம்மாவிடம் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர் முதலில் புரிந்துகொள்ளவே இல்லை. "அண்ணியைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றீங்களா?" என்றார். ஒரு நிமிஷம் அண்ணி, ஒரே நிமிஷம், ஆமாம் என்று சொன்னால்கூட நம்புவார் போலிருக்கிறதே என்று தோன்றியது. இல்லை என்றேன். வெள்ளைப் பை, நீலப் பை, நீங்கள் அவர் அறையில் போய் நின்றது, அதற்கப்புறமும் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த அம்மா என் முன்னால கைகட்டி நின்னாங்க" என்றார். நீங்கள் அதை எனக்கு எழுதவே இல்லை.

சுவர் எனக்கு இல்லை. வேறு ஆளைப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்கள். கேட்டதும் அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அன்றைக்கு ராத்திரிதான் வந்தது, கையில் கட்டுப் போட்ட அந்த வாண்டு என் எண்களைப் படித்ததாக நீங்கள் எழுதியிருந்தது நினைவுக்கு வந்தபோது.

பட்டறை மலரில் அந்த வரியை மாற்றச் சொன்னேன். அச்சுக்குப் போகிற நேரம், வரியை மாற்றிக்கொண்டிருக்க முடியாது என்று படத்தையே எடுத்துவிட்டார்கள். மேசையில் எல்லோரும் இருக்கும்போது, நான் சொன்ன கதை பொய், அண்ணி எதையும் கெடுக்கவில்லை என்று சொன்னேன். மொசைக்காரர் மட்டும் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் ஆடினதுக்கு அவங்ககிட்ட எப்படி மன்னிப்புக் கேக்கறது?" என்று கேட்டார். எனக்கே தெரியாது என்றேன்.

அண்ணனிடமும் பேசிவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவகிட்ட நான் எப்படிடி போய் நிக்கறது?" என்றார். வரிசையில் வாருங்கள் அண்ணா, எனக்குப் பின்னால் நில்லுங்கள் என்றேன்.

அடுத்த மாதம் இங்கே முடிகிறது. நான் வீட்டுக்கு வரலாமா, வேறு எங்காவது தங்கிக்கொள்ளட்டுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். எது சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

வாலு


ஜூன் 19

வாலு,

வேலையில் சேர்ந்துவிட்டேன். முதல்வர் காரணம் எதுவும் கேட்கவில்லை, சாவியைக் கொடுத்தார். சூளை அறையில் ஒரே ஜன்னல், அதுவும் திறக்காது. மேசைக்கு மூன்று கால்தான் நேராக இருக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது. முதல் சூட்டைப் போட்ட அன்றைக்குப் பக்கத்திலேயே நின்றேன், உட்காரவே இல்லை. ஒரு பெண் நாற்காலி கொண்டுவந்து போட்டாள், வேண்டாம் என்றேன். அந்தப் பழக்கம் போகக் கொஞ்ச நாள் ஆகும்.

உன் அண்ணன் நீ சொன்ன வரிசையில் நிற்கவில்லை. நான் கல்லூரியிலிருந்து வருவதற்குள் நம் பட்டறையைப் பெருக்கித் துடைத்து, சூளை மேலிருந்த படுதாவை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டிருந்தார். படுதாவை எதற்குத் துவைத்தார் என்று தெரியவில்லை. அது குப்பையில் போட வேண்டியது. காய்ந்ததும் மடித்து உள்ளே வைத்தேன். போன ஞாயிறு அதே ஆபீஸ்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "அன்னிக்கு நான் சொன்னது தப்பு, அவ ஒண்ணும் பண்ணல" என்றார். அவர்களுக்கு என்ன விஷயம் என்றே மறந்துபோயிருந்தது. அவர் காது சிவந்துவிட்டது. டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்து, நான் அடுப்பைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நீ வீட்டுக்கு வா. வேறு எங்கே போவாய், உன் அறையில் உன் சாமான்தான் அடைத்துக் கிடக்கிறது. சால்வையையும் கொண்டுவா. அந்த அக்கா நெய்தது, அவர் என்ன பாவம் செய்தார்.

மண்ணிலும் கை வை. சுவர் இல்லாவிட்டால் என்ன, தட்டு செய், கப் செய். சுட்டுத் தருகிறேன். ஆனால் ஒன்று. இனி நீ எந்தப் பையை உடைத்தாலும் அதிலிருந்து நகத்தளவு கிள்ளி என்னிடம் கொடுக்க வேண்டும். நீ என்ன சொன்னாலும், சத்தியமே செய்தாலும், அதைத் தனியாகச் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் உன் வேலையைச் சூளையில் ஏற்றுவேன். இப்போதைக்கு என்று நினைத்துக்கொள்ளாதே. எப்போதும்.

கல்லூரியிலும் அதையே விதியாக வைத்துவிட்டேன். மீன்கள் உருகின அந்தச் சூளைத் தட்டைச் சுரண்டாமல் அப்படியே எடுத்துப்போய்க் கதவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன், கண்களோடு. பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, ஒரு பேச்சும் பேசாமல் கிள்ளிக் கொடுத்துவிடுகிறார்கள். யாருடைய தட்டு என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீ ஒருநாள் அங்கே வருவாய். அவர்களோடு வரிசையில் நின்று நீயும் கிள்ளிக் கொடுப்பாய். அவர்களுக்கு அது வெறும் விதி.

போன் செய். எடுக்கிறேன்.

அண்ணி